சாக்கடையைக் கானாறாக்கிய உயிரியலாளர் திருமதி மனோரமா அவர்களுக்கு

மலையில் பிறந்து, மணலில் நடந்து, பாலாற்றில் கலக்கும் புனலுக்கெல்லாம் பரிந்து பேசிய பெருமாட்டியே! வரைபடத்தின் வறண்ட கோடுகளுக்குள் மீனையும் நண்டையும் தவளையையும் குடியேற்றிய குணக்குன்றே! சினம் வந்தால் குரலைத் தாழ்த்தியும், மகிழ்ச்சி வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தும், எது எதற்கென்று தெரியாமல் எங்களைப் பதினைந்து ஆண்டுகள் தவிக்கவிட்ட தாயே! வேலூர் நகரமைப்பு அலுவலகப் பணியாளர்களாகிய எங்கள் வணக்கத்தை ஏற்றருள்க.

பணி நிறைவு பெறும் இந்நாளில், தோளில் பொன்னாடையும் கழுத்தில் ரோஜா மாலையுமாகத் தாங்கள் மேடையில் வீற்றிருக்க, இம்மடலை வாசிக்கிறோம். மாலையில் ஊரும் எறும்பு எந்த இனம் என்று தாங்கள் இப்போது உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்பது எழுதும்போதே எங்களுக்குத் தெரியும். மிகைபடக் கூறினால் தாங்கள் சிவப்புப் பென்சிலை எடுப்பீர்கள். குறைபடக் கூறினால் ஆம்பூரிலிருந்து பேருந்து பிடித்து வந்து பின்வரிசைகளை நிறைத்திருக்கும் மக்கள் எங்களைச் சும்மா விடமாட்டார்கள். இவ்விரு அச்சங்களுக்கும் நடுவே நின்று, தலைமை வரைவாளர் அருணகிரி எழுத, அனைவரும் ஒப்ப, இம்மடல் உருவாயிற்று. பாராட்டு மடலில் பேச்சு வழக்குக்கு இடமில்லை என்பது மரபு. ஆயினும் அன்று சிலர் சொன்ன சொல்லைச் செந்தமிழுக்கு மாற்றினால் அது அவர்கள் சொல்லாக இராது என்பதால், அவ்விடங்களில் மட்டும் மரபை மீறியிருக்கிறோம்.

விலங்கியல் பயிற்றுவித்த விரிவுரையாளராய் இருந்து வீதிகளை வகுக்கும் வேலைக்கு வந்தவரே! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் ‘உயிரியலாளர்’ என்னும் புதுப்பதவியோடு தாங்கள் இங்கு நுழைந்தபோது, தங்களை எங்கே உட்கார வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ஊரமைப்புக்கு அளவுச் சங்கிலி போதாதா, பூச்சி பிடிக்கும் வலை எதற்கு என்று நாங்கள் முணுமுணுத்தது தங்கள் காதில் விழுந்திருக்கும். வரைபடப் பிரதி எடுக்கும் இயந்திரத்துக்கு அருகே, அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கும் மூலையில், ஒரு நாற்காலியைப் போட்டுக் கொடுத்தோம். தாங்கள் ஒரு சொல்லும் முறையிடாமல் அமர்ந்தீர்கள். உயிரியலாளர் என்றால் பாம்பு பிடிப்பவர் என்று ஊரில் எப்படியோ பரவி, லாங் பஜாரில் பருப்பு மண்டிக்குள் பாம்பு புகுந்துவிட்டதென்று ஒரு வணிகர் தொலைபேசியில் அலறினார். நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கையில் தாங்கள் குடையை எடுத்துக்கொண்டு நடந்தே போய்ப் பார்த்து, அது சாரை, எலி தின்னும், மூட்டைக்குக் காவல், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பினீர்கள். ஒரே பேஜாராகப் போயிற்றே என்று புலம்பிய அந்த வணிகர், எலித்தொல்லை கம்மியானதும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு படியேறி வந்தார். அன்றைக்குத்தான் நாங்கள் தங்கள் நாற்காலியைச் சன்னலோரம் மாற்றினோம்.

சல்லடையே கருவியாய், வெண்பீங்கான் தட்டே ஆய்வகமாய் ஆண்டவரே! நீர்நிலை எதையும் வரைபடத்தில் வரைவதற்கு முன் வரைகின்றவன் அதில் கால் நனைத்திருக்க வேண்டும் என்பது தாங்கள் இட்ட சட்டம். கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, கல்லைப் புரட்டி, மாவு சலிக்கும் சல்லடையில் சேற்றை அலசித் தட்டில் கொட்டினால், நெளிவது எது என்பதைக் கொண்டே நீரின் நலம் சொல்லக் கற்றுத் தந்தீர்கள். சிவப்புப் புழு மட்டும் என்றால் நீர் படுத்த படுக்கை. நத்தையும் தட்டான் குஞ்சும் சேர்ந்தால் எழுந்து உட்கார்ந்திருக்கிறது. அயிரைமீன் ஓடினால் பிழைத்துவிட்டது. எங்கள் வீடுகளில் சல்லடைகள் ஒவ்வொன்றாய் மறைந்து, மனைவியர் எங்களை ஐயுற்ற கதையை இங்கே விரித்தால் மேடை நாகரிகம் ஆகாது. வாலாஜாபேட்டைக்கும் குடியாத்தத்துக்கும் வகுத்த திட்டங்களில் ஓடைக்கரை நெடுகிலும் கட்டடமின்றி விட்ட பச்சைப் பட்டைகள் எல்லாம் இப்படிக் கால் நனைத்து வரைந்தவையே.

எனினும், தங்களை எங்களுக்கு முழுதும் காட்டியது ஆம்பூரின் புளியந்தோப்புக் கானாறே. மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்கி, ஊருக்கு நடுவே ஓடிப் பாலாற்றில் சேரும் அந்தக் காட்டாற்றில், தோல் பதனிடும் ஷாப்புகளின் சுண்ணாம்புத் தொட்டி நீரும் ஆவாரம்பட்டைச் சாறும் கலந்து, பெயரளவில்தான் அது ஆறாக இருந்தது. கரையோரத்துப் பெரிய ஷாப்புக்கு உரிமையாளர் சர்தார் பாஷா. தாங்கள் அவருக்கு நோட்டீசு அனுப்பவில்லை, அச்சுறுத்தவும் இல்லை. வாரந்தோறும் போய், அவர் தந்த தேநீரைக் குடித்துவிட்டு, சிவப்புப் புழு நெளியும் தட்டை அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தீர்கள்.

“இன்னாம்மா இது, டீ குடிக்கிற எடத்துல புழுவைக் கொண்டாந்து வெக்கிறீங்க?” என்று அவர் ஒருநாள் பொறுமையிழந்து கேட்டார். “உங்க ஷாப்புத் தண்ணியிலதான் பாய் இது நல்லா வளருது” என்றீர்கள் தாங்கள். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த கோடைக்குள் அவர் தம் சொந்த நிலத்தில் குழிகள் வெட்டி, கழிவுநீரை அங்கேயே தேக்கித் தெளியவைக்கத் தொடங்கிவிட்டார். அவரைப் பார்த்து மற்ற ஷாப்புகளும் இறங்கி வந்தன. அவர் ஷாப்பில் தோல் சுரண்டும் வேலை செய்து, கானாற்றங்கரைச் சந்தில் குடியிருந்த முனியம்மா, அண்டை வீட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு கரையில் கோரையும் வெட்டிவேரும் நட்டார். நான்கைந்து மழைக்குப் பிறகு, ஊருக்கு மேலே ஆற்று மடுவில் ஒளிந்திருந்த அயிரை, ஊர்ப்பாலம் வரை இறங்கி வந்தது.

அப்போதுதான் வந்தது சோதனை. கானாற்றைக் கான்கிரீட் பலகையால் மூடி அதன்மேல் கடைகள் கட்டலாம் என்று கடைத்தெருவில் ஒரு யோசனை கிளம்பி, மனுவாகி, மேலிடம் வரை போய்விட்டது. பழைய வரைபடத்தில் அது கறுப்புக் கோடு, அதாவது சாக்கடை. சாக்கடையை மூடலாம். ஆற்றைக் குறிக்கும் நீலக்கோடாக இருந்தால் மூட இயலாது. மூடிவிட்டால் மலைவெள்ளம் போக வழியின்றிச் சந்துக்குள் புகும் என்று தாங்கள் சொன்னதைக் கேட்க ஆளில்லை. கறுப்பா நீலமா என்பதை நேரில் பார்த்தே முடிவு செய்வேன் என்று சென்னையிலிருந்து உயர் அலுவலர் ஒருவர் வர ஒப்புக்கொண்டார். எழுபத்தொன்பதாம் ஆண்டு, பிப்ரவரி. தங்கள் உழைப்பும் அந்தச் சந்தின் குடும்பங்களும் அந்த ஒரு வருகையில் தொங்கிக்கொண்டிருந்தன.

நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய மனிதர் வருகிறார் என்றால் சுவருக்கும் மரத்துக்கும் மைல்கல்லுக்கும் சுண்ணாம்பு பூசுவோம். பூசாமல் நிற்பது அவருக்கு நேர்ந்த அவமரியாதை. அம்மாவின் ஆறு அழுக்காய்த் தெரியலாமா என்று உள்ளம் பொங்கிய சர்தார் பாஷா, யாரிடமும் சொல்லாமல், முந்தின நாள் மாலை தம் ஷாப்பிலிருந்து வண்டிகளில் சுண்ணாம்பை அனுப்பினார். பாலத்தின் இரு பக்கமும் கரைக்கற்களுக்கெல்லாம் வெள்ளையடித்து, மிஞ்சியதைச் சேறு தெரிந்த இடத்திலெல்லாம் இறைத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, கோரையைக்கூட வரிசையாய்க் கத்தரித்துவிட்டுப் போனார்கள் அவருடைய ஆட்கள். விடிந்து போய்ப் பார்த்தால் கரை பளபளவென்று மின்னுகிறது. கழுவிய சுண்ணாம்பு இறங்கிய தண்ணீர் முழுதும் மீன் வயிறு காட்டி மிதக்கிறது.

அன்று தங்கள் முகத்தை நாங்கள் பார்த்தோம், அம்மா. அதை எழுதத் தமிழில் எங்களுக்குச் சொல் இல்லை. பாஷா தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, “நானே கொன்னுட்டேனேம்மா” என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் அரசு ஊழியர்களுக்கே உரிய அறிவோடு விரைந்து செயற்பட்டோம். செத்ததைக் கூடையில் அள்ளி மறைத்துவிடலாம் என்றார் ஒருவர். சந்தையில் உயிர்மீன் வாங்கி விட்டுவிடலாம் என்றார் இன்னொருவர். தங்கள் குரல் தாழ்ந்தது. “ஒண்ணையும் தொடாதீங்க. நடந்ததை நடந்தபடியே சொல்லுவோம்” என்றீர்கள். பிறகு பாஷாவின் அருகில் அமர்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொள்ளாத குறையாக, இது அன்பால் வந்த பிழை, இதற்காக யாரும் உங்களை ஏச நான் விடமாட்டேன் என்று அவரைத் தேற்றினீர்கள். தாங்கள் தேறியது எப்போது என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

உயர் அலுவலர் வந்தார். மூக்கில் கைக்குட்டை. பாலத்தின்மேல் நின்றபடியே பார்த்துவிட்டு, மீன்கூடச் செத்து மிதக்கிறது, இதைச் சாக்கடை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது என்றார். கடைத்தெருக்காரர்கள் தலையை ஆட்டினார்கள். சுண்ணாம்பு விழுந்த கதையை ஒளிக்காமல் சொன்ன தாங்கள், அதன் பின் சொன்ன சொல்லை இந்த அலுவலகம் இருக்கும்வரை மறவாது.

“சாக்கடையில சாகிறதுக்கு ஒண்ணும் இருக்காது சார். இங்க இவ்வளவு செத்திருக்கு. இது ஆறு.”

அவர் எளிதில் மயங்குகிறவர் அல்லர். சந்தையில் வாங்கிப் போட்ட மீனாகவும் இருக்கலாமே என்றார். உடனே முனியம்மா தண்ணீரில் இறங்கி, ஒரு கல்லைப் புரட்டி, இரு கையாலும் அள்ளி எடுத்து வந்து அவர் முன் நீட்டினார். அரிசியைவிடச் சிறிய, செத்த மீன்குஞ்சுகள். “இத எந்த சந்தையில விக்கிறாங்க, சொல்லுங்க சார், நானும் போயி வாங்கினு வர்றேன்” என்றார். அலுவலர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, முதன்முறையாகக் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அடுத்த தை வரை தவணை தந்தார். யாரும் கொண்டுவந்து விடாமல் மீன் தானாகத் திரும்பினால் கானாறு நீலம். திரும்பாவிட்டால் கறுப்பு, பலகை போட ஆணை. நல்லதொரு தீர்ப்புத்தான். ஆனால் அன்று அந்தத் தண்ணீரில் நெளிய ஒரு சிவப்புப் புழுகூட மிச்சமில்லை.

பொறுமைக்கே பொருளுரைத்தவரே! அந்த ஆண்டு எங்களுக்கு நீண்டது. தங்களுக்கு எப்படியிருந்தது என்று தாங்கள் சொன்னதில்லை. பாஷா தம் ஷாப்பிலிருந்து ஒரு சொட்டும் ஆற்றுக்குள் போகாமல் தாமே வாய்க்காலை அடைத்து, தொழுகைக்குப் போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்தார். கோடையில் தண்ணீர் வற்றி, மேலேயுள்ள மடுவில் மட்டும் கொஞ்சம் நின்றது. அயிரை ஏதும் எஞ்சியிருந்தால் அங்கேதான். அந்த மடுவில் துணி துவைக்காமல், மாடு இறக்காமல் சந்துப் பெண்கள் முறைபோட்டுக் காத்தார்கள். கடைத்தெருவில் இதைச் சொல்லிச் சிரித்தவர்கள் ஜாஸ்தி. ஒரு வாளி மீனைக் கொண்டுபோய் விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று எங்களில் ஒருவர் மெல்லத் தொடங்கினார். விட்டால் நான் ராஜினாமா என்று தாங்கள் கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னதால் அவர் தொடங்கிய இடத்திலேயே முடித்துக்கொண்டார். ஐப்பசி மழை பெய்தது, கானாறு ஓடியது, கலங்கல் தெளிந்தது. கார்த்திகை போயிற்று, மார்கழியும் போயிற்று. சல்லடையில் நத்தை வந்தது, தட்டான் குஞ்சு வந்தது. மீன் வரவில்லை. பொங்கல் விடுமுறைக்கு முன் தாங்கள் மேசையைத் துடைத்து ஒழுங்குபடுத்தியதைப் பார்த்து, மனம் தளர்ந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டோம்.

பொங்கல் கழிந்து இரண்டொரு நாளில், தோளில் ஈரத் துண்டும் கையில் மூடி கட்டிய தூக்குச் சட்டியுமாக முனியம்மா இந்த அலுவலகப் படியேறினார். வந்த பேருந்து பள்ளிகொண்டாவில் பழுதாகி நிற்க, அடுத்த வண்டிக்காகக் காத்திருந்த நேரமெல்லாம் உடன்வந்த பயணிகள் ஆளுக்கு ஆள் மூடியைத் திறந்து பார்த்து, தண்ணீர் சூடேறாமல் ஈரத்துண்டைச் சுற்றச் சொல்லி, அறிவுரைகளாலேயே அவரைச் சோர்வடையச் செய்திருந்தார்கள். எங்கள் கடைநிலை ஊழியர் வாசலில் தடுத்ததை இன்று அவரே ஒப்புக்கொண்டு வருந்துகிறார். தடுத்தவரைத் தள்ளிவிட்டு உள்ளே வந்த முனியம்மா, தங்கள் மேசைமேல் சட்டியை வைத்து, “வந்துட்டானுங்கம்மா” என்றார். நாங்கள் எல்லோரும் எழுந்து வந்து சூழ்ந்தோம். சட்டிக்குள் அயிரை.

தாங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினீர்கள். துடைத்தீர்கள். மறுபடி துடைத்தீர்கள். அப்போது எங்களுக்கு ஐயமே இல்லை, அது எதற்கென்று. அடுத்த நொடியே ஆசிரியராகிவிட்டீர்கள். எடுத்த இடத்திலேயே விட வேண்டும், பொழுது சாய்வதற்குள் விட வேண்டும் என்று முனியம்மாவை அதட்டி, அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, சட்டியைத் தாங்களே மடியில் ஏந்திக்கொண்டு அவரோடு பேருந்து ஏறினீர்கள். பாலத்தடியில் அவற்றை விட்டபோது கரையில் நின்றவர்களில் பாஷாவும் இருந்தார். அவர் அழுதார் என்பதை அவர் அனுமதியோடே இங்கு எழுதுகிறோம். உயர் அலுவலர் தாம் சொன்ன சொல் தவறாதவர். மீண்டும் வந்தார், இம்முறை செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார். அந்த மாதமே அருணகிரி கறுப்புக் கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு நீலமை தொட்டு வரைந்தார். கோடு ஓரிடத்தில் சற்றே கோணல். அதைத் தாங்கள் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டதையும் அவர் மறக்கவில்லை. சில ஆண்டு கழித்து மலையில் கொட்டிய பெருமழையில் கானாறு கரை தொட்டு ஓடியது. சந்துக்குள் ஒரு வீட்டிலும் தண்ணீர் நுழையவில்லை.

இத்தகைய பெருமைகளைப் பாலத்தில் கல்வெட்டாய்ப் பொறிக்க ஊரார் முன்வந்தபோது, அந்தக் கல்லைத் தண்ணீரில் போட்டாலாவது அடியில் நண்டு குடியிருக்கும் என்று தாங்கள் மறுத்துவிட்டீர்கள். எனவே பொறிக்க வேண்டியதைக் காகிதத்தில் எழுதிச் சட்டமிட்டுத் தருகிறோம். மறுக்கத் தங்களுக்கு இன்றோடு அதிகாரம் முடிந்துவிட்டது.

அம்மையே! நோயும் நொடியும் தங்களை நெருங்காதிருக்கட்டும். முழங்கால் தண்ணீரில் இறங்கவும் ஏறவும் முழங்கால்கள் தங்கள் சொல் கேட்கட்டும். கண்ணொளி மங்காமல் கல்லடியில் உள்ளதெல்லாம் தெளியத் தெரியட்டும். பேரப்பிள்ளைகள் சல்லடையோடு பின்தொடர, பல்லாண்டு பல்லாண்டு வாழ்க!

முடிக்குமுன் ஒரு சொல். பணி நிறைவுக்குப் பின் சென்னையில் மகன் வீட்டுக்குப் போய்விடுவீர்கள் என்று எண்ணி வருந்தியிருந்தோம். கானாற்றங்கரைச் சந்தில் முனியம்மா வீட்டுக்கு அடுத்த வீட்டைத் தாங்கள் வாடகைக்குப் பிடித்திருக்கும் செய்தி சென்ற மாதம்தான் எட்டியது. வழக்கம்போல் வெள்ளிக் குத்துவிளக்கு வாங்குவதாக இருந்தோம். வீட்டைப் பார்த்து வரப்போன நில அளவர் தேவசகாயம் திரும்பிவந்து சொன்னதைக் கேட்டு மனத்தை மாற்றிக்கொண்டோம். அந்தச் சந்தின் வீடுகளெல்லாம் கானாற்றுக்கு முதுகு காட்டி நிற்பவை. நாற்றத்துக்கு அஞ்சி, கட்டிய காலத்திலேயே அப்பக்கச் சுவரில் ஒரு துளையும் விடாமல் எழுப்பியிருக்கிறார்கள். தண்ணீர் தெளிந்து இத்தனை ஆண்டுகளாகியும் அந்தச் சுவரைத் தொட யாருக்கும் தோன்றவில்லை.

ஆகவே எங்கள் பரிசு ஒரு சன்னல். மரம் தந்தவர் சர்தார் பாஷா. சுவரை இடித்தவர் முனியம்மாவின் மருமகனான கொத்தனார். அளவு வரைந்தவர்கள் நாங்கள். இடிக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த அடுத்த வீட்டுக்காரர், காற்று வருவதைச் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, “அப்படியே எங்களுக்கும் ஒண்ணு வெச்சுட்டுப் போப்பா” என்றாராம். அவருக்கும் அடுத்த வீட்டிலும் அப்படியே. கொத்தனாருக்கு இப்போது அந்தச் சந்தைவிட்டு வெளியே வர நேரமில்லை.

இன்றிரவு தாங்கள் அந்த வீட்டில்தான் உறங்கப் போகிறீர்கள். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உறங்குங்கள், அம்மா.

வேலூர்
30-6-1987

தங்கள் சொல் கேட்டுத் தண்ணீரில் இறங்கிய
நகரமைப்பு அலுவலகப் பணியாளர்கள்